ஓடந்துறைக்கு முடிந்தது, இண்டூருக்கு முடியாதா?

மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-ல் சொந்தமாகக் காற்றாலை வாங்கியது. திறன் 350 கிலோவாட், செலவு 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். ஊர்த் தேவைபோக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்குப் போனது. அந்த வருமானம் கடனை அடைக்க உதவியது.

தருமபுரி மாவட்டம் இண்டூரில் இது நடக்குமா? காற்றாலைதான் வேண்டும் என்றில்லை, வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை; சோலார் போடலாம். ‘அவ்ளோ பணத்துக்கு எங்கே போறது?’ என்பதுதான் கேள்வி.

பதிலில் பாதி இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியதே தருமபுரியில்தான். சொத்து ஜாமீன் இல்லாமல், குழுவை நம்பியே கடன் தரலாம் என்று காட்டிய திட்டம் அது. அதே வழியில் ஊர்மக்கள் சிறு பங்கு போட்டால் முதல் பணம் சேரும். மீதியைக் குறைந்த வட்டிக்குத் தர, லாபத்தோடு ஊர் நலனையும் பார்க்கும் சமூக முதலீட்டாளர்கள் வேண்டும்.

ஆனால், காற்றாலைக்காரர்களுக்கு மின்வாரியம் பாக்கி வைத்த கதை நமக்குப் புதிதல்ல. பெரிய கம்பெனி தாங்கும். குழுப் பெண்களின் சேமிப்பு தாங்காது. எனவே அரசு முதலில் தரவேண்டியது மானியம் அல்ல. விற்ற மின்சாரத்துக்குத் தவறாமல் பணம் வரும் என்ற உறுதி.