புரானோவின் வர்ணமும் ஜெரஜாக்கின் புதரும்

கப்பலிலிருந்து இறங்கி எட்டு மணி நேரம் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு எட்டுப் பக்கம் எழுதுகிறவர்கள் தமிழில் பெருகிவிட்டார்கள். நானும் அதில் ஒருவன்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் காசு சேர்த்து அம்மாவை அழைத்துக்கொண்டு ஏட்ரியாடிக் கடலில் ஒரு வாரம் கப்பலில் போனேன். லுக்குட்டில் பால் மரம் வெட்டியவர் அம்மா. அவருக்குக் கப்பல் என்றால் போர்ட்டிக்சன் கடற்கரையில் நின்றால் தூரத்தில் தெரியுமே, எண்ணெய்க் கப்பல், அதுதான்.

2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்களை சான் மார்க்கோவுக்கு முன்னால் விடுவதில்லை. எங்கள் கப்பல் ஆலைப் புகைபோக்கிகள் நிற்கும் மர்கேராவில் நின்றது. அங்கிருந்து வெனிஸ், பிறகு தீவுகள். எல்லாரும் போகும் வழி ஒன்றுதான்: முரானோவில் கண்ணாடி ஊதுவதைப் பார்ப்பது, புரானோவில் வர்ண வீடுகளுக்கு முன் நின்று படம் எடுப்பது. தீ விபத்துக்குப் பயந்து 1291-இல் உலைகளையெல்லாம் முரானோவுக்குத் தள்ளினார்கள் என்று வழிகாட்டி சொல்வார், அதை அப்படியே கட்டுரையில் எழுதிவிடலாம். தமிழில் வரும் இத்தாலித் தீவுக் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். காலை, படகு, கண்ணாடி, வர்ணம், ஐஸ்கிரீம், 'மனசு அங்கேயே தங்கிவிட்டது'. ஊர்ப் பெயரை மாற்றினால் லங்காவிக்கும் அந்தக் கட்டுரை பொருந்தும்.

அன்று சனிக்கிழமை. முரானோவிலேயே 13-ஆம் எண் படகுக்கு மாறி நாங்கள் லாசரெத்தோ நுவோவோ என்ற தீவில் இறங்கினோம். சனி, ஞாயிறுகளில் வழிகாட்டியோடு அதைப் பார்க்கலாம். புரானோ போச்சே என்று அம்மாவுக்குக் கடுப்பு. அந்தத் தீவில் கடை இல்லை, ஐஸ்கிரீம் இல்லை. வெனிஸ் அரசு 1468-இல் அதைத் தொற்றுத் தடுப்புத் தீவாக ஆக்கியது. நோய்ச் சந்தேகமுள்ள கப்பல்களின் ஆட்களையும் சரக்கையும் இறக்கி, புகை போட்டு, நாள் எண்ணி, பிறகுதான் நகரத்துக்குள் விட்டார்கள். நாற்பதைக் குறிக்கும் 'குவாரன்தா' என்ற அவர்கள் சொல்லிலிருந்துதான் நம்முடைய 'குவாரண்டைன்' வந்தது. தீவின் நடுவே ஒரு நீளமான கிடங்கு. அதன் சுவரில் வணிகர்களும் காவலர்களும் பதினாறாம் நூற்றாண்டில் செந்நிறத்தில் கிறுக்கியவை இன்னும் இருக்கின்றன. எந்தக் கப்பல், எங்கிருந்து வந்தது, யார் காவல் இருந்தார்கள் என்பதெல்லாம்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அம்மா சொன்னார், "எங்க பாட்டியையும் இப்படித்தான்டா ஒரு தீவுல எறக்குனாங்களாம். பினாங்கு பக்கம். துணியெல்லாம் வாங்கி ஆவியில போட்டு வேக வெச்சாங்களாம். சீலை சுருங்கிப் போச்சுன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

எனக்கு வயது இருபத்தெட்டு. பாட்டியின் அம்மா பற்றி இதை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மலாக்காவில் படித்து முடித்துவிட்டு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மூன்று வருஷம் வேலை செய்தவன் நான். கேண்டீன் ஜன்னலைத் திறந்தால் எதிரே புலாவ் ஜெரஜாக். மூன்று வருஷமும் அதை வெறும் காடு என்றுதான் நினைத்தேன். 1868-இல் அங்கே தொழுநோயாளிகளுக்கு இடம் கட்டத் தொடங்கினார்கள். 1870களில் தொற்றுத் தடுப்பு நிலையமும் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்களை அங்கே இறக்கி, மருந்தடித்து, நாள் எண்ணித்தான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். பிறகு 1969 முதல் 1993 வரை சிறை. அதன் பிறகு ரிசார்ட், அதுவும் மூடிப்போனது. ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும் சுற்றுலாக் கப்பல்களின் பயணிகள் கெக் லோக் சி கோயிலுக்குப் போகிறார்கள், ஆர்மீனியன் தெருச் சுவரோவியத்துக்கு முன் நிற்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நம் ஆட்கள் நாட்டுக்குள் நுழைந்த வாசல் புதர் மண்டிக் கிடக்கிறது.

1914 அக்டோபரில் பினாங்கு துறைமுகத்தில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் மூழ்கடித்த ரஷ்யக் கப்பல் ஜெம்சுக். அதன் மாலுமிகளின் கல்லறை ஜெரஜாக்கில் இருக்கிறது, அந்த நாடு அதை மறக்கவில்லை. அதே மண்ணில் இறந்துபோன தமிழர்களை எந்த நாடு நினைக்கும்? இந்தியாவா, மலேசியாவா? இரண்டும் செய்யாது. செய்ய வேண்டியவர்கள் நாம்தான், நாமோ புரானோவில் செல்பி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"சந்தோஷமா ஒரு டூர் போய்ட்டு வந்தா அதுலயும் கூலிக்காரன் கதையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லாப் பயணமும் துக்கம் விசாரிக்கிற பயணமாக இருக்க வேண்டியதில்லை, நானும் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. 1940-இல் 'உலகம் சுற்றும் தமிழன்' வெளியிட்ட ஏ.கே. செட்டியார் போன இடமெல்லாம் மனிதர்களைத் தேடினார். அவருக்குப் பிறகு வந்த நாம் கேமராவுக்குப் பின்னணி தேடுகிறோம்.

நம் தீவிர இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. கப்பல் ஏறி வந்த கண்ணீரைப் பற்றி எத்தனை கவிதை! அந்தக் கண்ணீருக்கு விலாசம் மட்டும் கிடையாது. எந்தத் தீவு, எத்தனை நாள் வைத்தார்கள், என்ன சாப்பாடு, செத்தவரை எங்கே புதைத்தார்கள்? 'கடல் தாண்டி வந்தோம்' என்ற ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆலையில் ஒரு எந்திரம் நின்றால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் பாகம் என்று எழுதாமல் என் அறிக்கையை யாரும் வாங்க மாட்டார்கள். கவிதையில் மட்டும் அதற்கு ஏன் விலக்கு?

வெனிஸ்காரர்களைப் பெரிய ஆளாக்கிப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. அந்தச் சுவரில் எழுதியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த வணிகர்களும் காவலர்களும். மூட்டை சுமந்தவன் எதையும் எழுதியிருக்க மாட்டான். ஜெரஜாக்கில் இறங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் கைநாட்டுதான். அதனால் அங்கே சுவரில் தேடிப் பிரயோசனம் இல்லை. சுருங்கிப்போன சீலை மாதிரி அவர்கள் சொல்லிவிட்டுப் போனவைதான் மிச்சம். அதைக் கேட்டு வைத்திருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது. நம் தாமான் வீடுகளில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவை பாயான் லெப்பாஸ் படகுத்துறைக்கு அழைத்துப் போனேன். மலை ஏறவா, மீன் பிடிக்கவா என்று படகுக்காரர் மலாயில் கேட்டார். பாட்டி தங்கியிருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. எப்போது தங்கினார் என்று கேட்டதற்கு, "ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்ன" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தார்.