எந்தக் கடலின் மீன்?



வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் உப்பு நீர் நிரப்பி, பவளப்பாறைகளின் இடுக்குகளில் வாழும் வண்ண மீன்களை விட்டு, வேலை முடிந்து திரும்பிய மாலை வேளைகளில் அவற்றின் சஞ்சாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஆனந்தம் காணும் சென்னைவாசிகள் சிலர் சேர்ந்து இந்த விண்ணப்பத்தை எழுதுகிறோம். மீன் வளர்ப்பது பாபம் என்று உபதேசம் செய்ய நாங்கள் வரவில்லை. அந்த மீன்களிடத்தில் எங்களுக்குள்ள பிரியமே எங்களை எழுத வைத்தது.

எங்களில் அநேகருக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கடையில் துறுதுறுவென்று திரிந்த மீனை நல்ல விலை கொடுத்து வாங்கி வருவோம். முதல் வாரம் தொட்டியை வலம் வரும். இரண்டாம் வாரம் இரையைத் தொடாமல் ஒரு மூலையில் ஒதுங்கும். மூன்றாம் வாரம் ஒரு காலையில் மணலின் மேல் சாய்ந்து கிடக்கும். நீரில் உப்பு கூடிவிட்டதோ, வெப்பம் ஏறிவிட்டதோ என்று நம்மையே நொந்துகொண்டு, மறுபடியும் அதே கடைக்குப் போய் அதே ஜாதி மீனை வாங்கி வருவோம். அந்த மரணத்தின் வித்து நம் தொட்டியில் விழாமல், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வேறொரு கடலில், அந்த மீன் பிடிபட்ட கணத்திலேயே விழுந்திருக்கலாம் என்பதை நாங்கள் அறிந்துகொள்ளப் பல வருஷங்கள் ஆயின.

நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்து வளர்பவை. நம் கொளத்தூர்க் கடைகளில் விற்கும் பொன்மீனின் பூர்வீகத்தைக் குறித்து நாம் கவலைப்பட வேண்டியதில்லை. கடல்மீன்களின் கதை இதற்கு நேர்மாறு: ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை எல்லாம் பவளப்பாறைகளிலிருந்து நேரே பிடிக்கப்படுபவை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனத்தைச் சார்ந்த நிபுணர்கள் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, வருஷத்துக்கு 2 கோடி முதல் 2 கோடியே 40 லட்சம் வரை மீன்கள், 1,471 இனங்களைச் சேர்ந்தவை, இந்த வியாபாரத்தில் கைமாறுவதாகக் கணக்கிட்டது. இவற்றில் பெரும்பகுதி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய தேசங்களின் தீவுகளிலிருந்து வருவது.

அந்தப் பிலிப்பைன்ஸ் கடலில் 1960-களில் தொடங்கி, சட்டம் தடுத்த பிறகும் முற்றிலும் ஒழியாத வழக்கம் ஒன்று உண்டு. சயனைடு வில்லைகளை நீரில் கரைத்து, பிளாஸ்டிக் புட்டியில் அடைத்துக்கொண்டு, படகில் ஓடும் காற்று யந்திரத்திலிருந்து வரும் ரப்பர்க் குழாயைப் பல்லில் கவ்வியபடி அடியில் இறங்கும் ஏழை மீனவன், பவளக் கிளைகளுக்கிடையே அந்த விஷத்தைப் பீய்ச்சுகிறான். சில மீன்கள் அங்கேயே மடிகின்றன. மயங்கியவற்றைப் பொறுக்கியெடுக்கச் சில வேளை பவளத்தையே உடைக்க நேர்கிறது. உடையாமல் தப்பிய பவளமும் விஷம் பட்டு வெளுக்கிறது. ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறி, ரத்தத்தில் வாயுக் குமிழி கோத்து, கை கால் முடங்கிப்போன மூழ்காளிகளும் அந்தக் கரைகளில் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் குற்றவாளிகளாக எண்ணவில்லை. 1980-களில் சில தொண்டு ஸ்தாபனங்கள் வலையால் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது விஷத்தை விட்டு வலைக்கு வந்தவர்களும் அவர்களே.

அரிசியை வாயில் போட்டுப் பார்க்கலாம். துணியைக் கையால் தடவிப் பார்க்கலாம். ஆனால் வலையில் வந்த மீனையும் விஷத்தில் வந்த மீனையும் பக்கத்துப் பக்கத்தில் விட்டால், வாங்குகிறவனுடைய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகையால், மீன் பிடிபட்ட பாறையிலிருந்து கடை வரையில் ஒவ்வொரு கையையும் பரிசோதித்து, இது நேர்மையாக வந்தது என்று மூன்றாம் மனிதர் ஒருவர் அத்தாட்சி தருவது அவசியமாகிறது. இந்த நோக்கத்தோடுதான் 1998-இல் ஹவாயின் ஹொனலூலுவில் மெரைன் அக்வேரியம் கவுன்சில் என்ற ஸ்தாபனம் தோன்றி, 2001-இல் தன் அத்தாட்சி முறையைக் கொண்டுவந்தது. பாறையை நிர்வகிப்பது, மீனைப் பிடிப்பது, பேணி அனுப்புவது ஆகிய எல்லாவற்றுக்கும் விதிகள் வகுத்த அது, ஒவ்வொரு கட்டத்திலும் வந்து சேரும் மீன்களில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இறந்திருக்கலாகாது என்றுகூட வரையறுத்தது. அந்த முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. காரணங்கள் பல சொல்லப்படுகின்றன; எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்றே. விதிகளின் பாரமெல்லாம் கடலில் மூழ்குகிறவன் தலையில் இறங்கிற்று. அதற்கு ஈடான விலையோ கடையில் நின்று வாங்குகிறவன் கையிலிருந்து அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அத்தாட்சி பெற்ற மீன்தான் வேண்டும் என்று கேட்டவர்கள் அத்தனை சொற்பம்.

அப்படியானால் இந்த வியாபாரத்தையே தடை செய்துவிடலாமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய கருணையை மதிக்கிறோம். யோசனையை ஏற்க இயலவில்லை. கைவலையால் பிடித்த ஒரு சிறு மீன் ஒரு குடும்பத்தின் ஒரு வேளை அன்னத்துக்கு வழி செய்யுமானால், அந்தக் குடும்பம் பாறையைக் காப்பாற்றும். வழி அடைபட்டால் அதே பாறை வெடிக்கோ கடப்பாரைக்கோ இரையாகலாம். ஆனால் எவ்வளவு பிடிக்கலாம் என்ற வரம்பு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகள் சாட்சி. வெள்ளி உடலில் கருங்கோடுகள் ஓடும் பாங்காய் கார்டினல் என்ற மீன் இயற்கையில் அங்கு மட்டுமே உரியது. ஆண்மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கிறது. குஞ்சுகள் கடலோட்டத்தில் மிதந்து வேறிடம் செல்வதில்லை. ஓரிடத்தில் அற்றுப்போனால் அயலிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்புவது அரிது. 1990-களில் உலகத் தொட்டிகளில் அதற்கு மோகம் பிறந்தது. 2007-இல் அது அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் செம்பட்டியலில் ஏறிவிட்டது.

எனவே, கடல்மீன் வாங்கும் ஒவ்வொருவரையும் நாங்கள் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இது. பணத்தை எடுக்கும் முன், இந்த மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது, வலையில் பிடித்ததா, கடைக்கு வந்து எத்தனை நாளாயிற்று, இரை எடுக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே அதற்கு இரை போடச் சொல்லுங்கள். தொட்டி வைக்கப் புதிதாக முனைகிறவர்கள், தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீனில் தொடங்குங்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் நம் மண்டபம் என்ற ஊரிலேயே அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் வித்தையைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். பவளப் பூச்சியை மட்டுமே தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களையும், மற்ற மீன்களின் மேனியிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று அவற்றுக்கு வைத்தியம் செய்யும் சிறு நீலக்கோட்டு மீனையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நம் தொட்டிகளில் அவை பெரும்பாலும் பட்டினியால் சாகின்றன. கடல் குதிரையும் உயிர்ப்பவளமும் மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தவை என்று யாரேனும் பெருமையாகக் காட்டினால், 2001 முதல் அவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை என்பதை நினைவூட்டுங்கள்.

கடைக்காரர்களுக்கு: மீன் வந்த இடம், பிடித்த முறை, வந்த தேதி, இறந்த எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவைக்கும் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும், அதைக் கேட்டவர்க்குக் காட்டச் சம்மதியுங்கள். அத்தகைய கடையில் விலை சற்றுக் கூடினாலும் அங்கேயே வாங்குவது என்று நாங்கள் எங்களுக்குள் தீர்மானித்திருக்கிறோம்.

உங்கள் கேள்விகளுக்குக் கடைகளில் கிடைக்கும் விடைகளைத் தொகுத்து, இறக்குமதியைக் கவனிக்கும் அரசாங்க அதிகாரிகளிடம் சமர்ப்பிக்க எண்ணியிருக்கிறோம். ஆகையால் ஊர், தேதி, மீனின் பெயர் ஆகியவற்றுடன் விடையைக் குறித்து வையுங்கள். "தெரியாது" என்பதே விடையாக வந்தாலும் அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
கடல்மீன் வளர்ப்போர் சிலர்,
சென்னை.