தூசிக்கு பேட்ஜ் இல்லை

அணுசக்தி நகர்வாசிகள் பலருக்கு வேலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில். கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகிறவர் நெஞ்சில் பேட்ஜ் குத்தியிருப்பார். உடம்பில் பட்ட அளவு அதில் பதிவாகும். ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சொந்த வீட்டு பால்கனியில் போர்சலின் டைல்ஸ் அறுக்க உட்காரும்போது மட்டும் மூக்கில் வெறும் கைக்குட்டை.

போர்சலின் என்பது களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்து சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுட்டது. கிரைண்டர் பிளேடு பட்டதும் கிளம்பும் வெள்ளைப் புகையில் சிலிக்கா இருக்கிறது. கண்ணில் படாத துகள்தான் நுரையீரலின் அடிவரை இறங்கும். கைக்குட்டை அதைத் தடுக்காது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே சிலிக்கா தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நேர்வெட்டுக்குக் கீறி உடைக்கும் கை கட்டர் போதும்; மூலை வெட்ட, தண்ணீர் விட்டு அறுக்கும் மெஷினை வாடகைக்கு எடுக்கலாம். தூசி சேறாகிவிடும். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணிதான்.

மறுபக்கம், தேவையில்லாத இடத்தில் அக்கறை: வெட்டி ஒட்டியதும் சீலர் பூசுகிறார்கள். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் என்றால் சரி, அது சிமெண்ட், எதையும் உறிஞ்சும். போர்சலின் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. மெருகேற்றியதால் நுண்துளை திறந்த சில ரகங்கள் தவிர மற்றவற்றில் சீலர் பிசுக்காகவே நிற்கும். அதைக் கேட்பது இடுக்கில் அடைத்த சிமெண்ட் கலவை. மும்பை மழைக்காலத்தில் முதலில் கறுப்பதும் அதுதான்.