விற்பவனே அளக்கலாமா?

கடைவீதியில் தானியம் விற்கும் வியாபாரியின் எடைக்கல்லுக்கும் தராசுக்கும் சர்க்கார் முத்திரை வேண்டும் என்பது சட்டம். விற்பவனே தன் அளவையைத் தானே செய்துகொண்டால் வாங்குபவன் கதி யாதாகும் என்பதை நம் ஜனங்கள் நன்கறிவர். ஆயினும், இன்று உலகத்து விளம்பர வியாபாரத்தின் பெரும்பகுதி முத்திரையில்லாத் தராசிலேயே நடைபெற்று வருகிறது. கேட்பாரோ மிகச் சிலர்.

தேடுபொறியில் ஒருவர் ஒரு சொல்லை இட்டதும், கண்ணிமைக்கும் நேரத்தில் அச்சொல்லின்மீது ஓர் ஏலம் நடக்கிறது. கேட்ட விலையையும் விளம்பரத்தின் பொருத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, வென்றவருக்கு மேலிடம் அளிக்கப்படுகிறது. விளம்பரத்தைக் கண்டவர் எத்தனை பேர், திறந்தவர் எத்தனை பேர், சரக்கு வாங்கியவர் எத்தனை பேர் என்று பின்னர்க் கணக்குக் கொடுப்பவரும் அந்த ஏலக்காரரே! இக்கணக்கையே சந்தை ஆராய்ச்சி என்று நம்பி வியாபாரிகள் பணத்தைக் கொட்டுகின்றனர்.

இந்நம்பிக்கை எத்தகையது என்பதற்கு 2016ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்றே போதும். காட்சிப் படங்களை ஜனங்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தனர் என்று பேஸ்புக் கம்பெனி கணக்குக் கூறி வந்தது. 3 விநாடிக்குள் விலகிச் சென்றவர்களைத் தலைக்கணக்கில் சேர்க்காமல் வகுத்தபடியால் சராசரி உயர்ந்து நின்றது. சுமார் இரண்டு வருஷ காலம் இப்பிழை நிலவிற்று. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கு 2019ல் 4 கோடி டாலரில் சமரசமாயிற்று.

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் கூடாது என்பது நியாய சாஸ்திரத்தின் முதற்பாடம். கூகிளை ஸ்தாபித்த பிரின், பேஜ் இருவரும் மாணவர்களாயிருந்தபோது 1998ல் எழுதிய கட்டுரையிலேயே, விளம்பர வருமானத்தால் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று எச்சரித்தனர். 2000ல் அவர்களே விளம்பரக் கடையைத் திறந்தனர். லாபம் போகும் வழியே புத்தியும் போகும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

இது பத்திரிகைக்காரரின் பொறாமைப் பேச்சென்று சிலர் நகைக்கலாம். தம் விற்பனைத் தொகையைத் தாமே பறைசாற்றுதல் போதாதென்று கண்டு, நம் தேசத்துப் பத்திரிகைகளும் விளம்பரதாரர்களும் கூடி 1948லேயே தணிக்கை ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தினர். காகிதத்துக்கு ஆகும் நியாயம் திரைக்கு ஆகாதோ?

வியாபாரியின் பண நஷ்டத்தோடு இது நிற்பதன்று. தேர்தல் காலத்தில் கட்சிகளும் இதே கடையில் விளம்பரம் வாங்கி, இதே கணக்கைக் காட்டி, ஜனங்களின் அபிப்பிராயம் எம் பக்கமே என்று முழங்குகின்றன. காசு கொடுத்துக் காட்டியதும், ஜனங்கள் தாமே நாடியதும் ஒன்றாகுமா?

இக்கம்பெனிகளின் கணக்கைச் சம்பந்தமில்லாத மூன்றாமவர் தணிக்கை செய்யுமாறு சர்க்கார் காலதாமதமின்றிச் சட்டம் இயற்றவேண்டும். காசுக்குப் பெற்ற இடத்தில் 'விளம்பரம்' என்ற சொல் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் நிற்கவேண்டும். அதுவரை, திரையில் தோன்றும் எண்ணிக்கையை ஜனநாயகத்தின் குரலென்று மயங்காமல், வீதிதோறும் சென்று ஜனங்களைக் கேட்டறிவதே தேச ஊழியர்களின் கடமையாகும்.