'கொடுத்தாச்சு'ன்னா போதுமா?

மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை ஆன்லைனில் பணம் கட்டி வாங்கினேன். அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன், யாரும் வரவில்லை. செல்போனில் மட்டும், 'பார்சல் கொடுத்தாச்சு' என்று செய்தி! கம்பெனிக்குப் போன் போட்டால், 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்ற பாட்டுதான். "போனது போனதுதான், விடு" என்றார் கணவர். விடுவேனா? மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். 2020-ம் ஆண்டு விதிகளின்படி, ஆன்லைன் நிறுவனங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பன்னிரண்டாம் நாளே பணம் திரும்பி வந்தது! தோழிகளே, வெயிலில் மூட்டை சுமக்கும் பையனிடம் கத்தாதீர்கள். அத்தனை பார்சலையும் அவன் தலையில் கட்டுவது கம்பெனி. கேள்வியை அங்கே கேளுங்கள்!

- ஒரு வாசகி, மதுரை.