அடுத்தாளின் பரீட்சை

கொண்டுவிக்கப் போன நம் செட்டிநாட்டார் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் லேவாதேவி நடத்திய இடங்கள், ஒரு வீட்டுக்கு ஒரு கடை என்று அமைந்தவை அல்ல. நீண்ட கூடம் ஒன்று, அதற்குக் கிட்டங்கி என்று பெயர். அதில் வரிசையாக இருந்த பெட்டி ஒவ்வொன்றும் ஒரு விலாசம், அதாவது ஒரு தனிக் கடை. ஒவ்வொரு விலாசத்துக்கும் தனி முதல், தனிப் பேரேடு, கடையை நடத்தும் தனி மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள். கூரை பொது, சமையற்கட்டும் பொது. ஆயினும் ஒருவர் கணக்கு மற்றொருவர் கணக்கோடு கலப்பதில்லை. ஒரே யந்திரத்துக்குள் பல யந்திரங்களைக் குடியமர்த்தும் விர்ச்சுவல் மெஷின் என்னும் ஏற்பாட்டைக் காரைக்குடியில் கணினி பயிலும் பிள்ளைகளுக்கு விளக்க நேரும்போதெல்லாம், எனக்கு இந்தக் கிட்டங்கிதான் துணை நிற்கிறது.

1960-களில் ஐபிஎம் நிறுவனத்தார் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இதைச் செய்து காட்டியபோது, விலை மிகுந்த ஒரு பெருங்கணினியைப் பலரும் ஒரே சமயத்தில், அது முழுவதும் தமக்கே உரியதுபோல் பாவித்துப் பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. இன்றோ 16 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண லேப்டாப்பில், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு, தலைக்கு 2 ஜிபி வீதம் பகுத்துக் கொடுத்து மூன்று சர்வர்களை எழுப்பிவிடலாம். சர்வர் அறையைக் கண்ணால் கண்டிராத நம் ஊர் மாணவனுக்கு இது அற்பமான பாக்கியம் அன்று.

அந்த மூன்றிலும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நிறுவி, ஒன்றை மேலாளாகவும் மற்ற இரண்டையும் அடுத்தாள்களாகவும் வைத்துக்கொள்வோம். மேலாள் தன்னிடம் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும், உரிய பக்கத்தில் பதிவதற்கு முன்பே, சிட்டை போன்ற ஒரு கோப்பில் வரிசையாகக் குறித்து வைக்கிறது. அந்தச் சிட்டையின் வரிகள் உடனுக்குடன் அடுத்தாள்களுக்குப் போய்ச் சேர, அவை தத்தம் பேரேட்டில் அதே வரிசையில் பதிந்துகொள்கின்றன. 2010-இல் வந்த 9.0 பதிப்பு முதல் இந்த வசதி போஸ்ட்கிரெஸ்ஸுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. ஒரு சர்வரை அமைத்துவிட்டு அதைப் பிரதி செய்து மற்ற இரண்டையும் உண்டாக்குகிறவர்கள், அதன் நெட்வொர்க் விலாசமும் பெயரும் கூடவே பிரதியாகி விடாமல் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவை புத்தகத்தில் உள்ளபடியே நடக்கும்.

மூன்று எதற்கு, இரண்டு போதாதா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். மேலாளின் குரல் கேட்காதபோது அது மாண்டுவிட்டதா, அல்லது இடையிலுள்ள பாதை மட்டுமே அறுந்ததா என்பதை அடுத்தாள் ஒருவனாக நின்று நிச்சயிக்க இயலாது. மாண்டதாகக் கருதி அவன் பெட்டியில் அமர்ந்துவிட, மேலாளும் உயிரோடு வரவுசெலவு நடத்திக்கொண்டிருந்தால், ஒரே விலாசத்துக்கு இரண்டு பேரேடுகள் வளர்ந்து, பிறகு எந்தக் கணக்குப்பிள்ளையாலும் அவற்றை ஒன்றுசேர்க்க முடியாமல் போகும். ஆகவே பெரும்பான்மையின் சம்மதம் பெற்றவனே மேலாள் என்பது விதி. மூவரில் இருவர், ஐவரில் மூவர். நால்வரை வைத்தாலும் மூவர் வேண்டும் என்பதால், நான்காவது ஆளால் இழப்பைத் தாங்கும் சக்தி கூடுவதில்லை. 2014-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆங்கரோவும் ஔஸ்டர்ஹௌட்டும் ராஃப்ட் என்ற பெயரில் எழுதிய முறையே, இன்று இத்தகைய தேர்தலை நடத்தும் பல மென்பொருள்களுக்கு ஆதாரமாக இருக்கிறது.

இவ்வளவும் கட்டி முடித்து, மேலாளிடம் எழுதிய ஒரு வரி அடுத்தாளிடம் தோன்றியதைக் கண்டவுடன், பெரும்பாலோர் காரியம் முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் காரியம் அங்கேதான் தொடங்குகிறது. கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகிப் பின்பு மேலாளாவது வழக்கம். மூன்று வருஷக் கணக்கு முடிந்து மேலாள் ஊர் திரும்பும் நாளில் கடையைத் தாங்க ஒருவன் தேறியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பதனால் மட்டும் அவன் தேறுவதில்லை. நடத்திப் பழக வேண்டும். நம் அடுத்தாள் சர்வரும் அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும் மேலாளை மின்சாரம் போனாற்போல் சட்டென்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பாதையை மட்டும் அறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு அடுத்தாள்களையும் ஒருசேர நிறுத்திப் பார்க்க வேண்டும். அடுத்தாள் பதிந்துகொண்ட பிறகே வரவு செல்லும் என்று கட்டளையிட்டிருந்தால், இந்தக் கடைசிப் பரீட்சையில் மேலாள் நன்றாக இருந்தும் ஒரு வரியும் எழுத முடியாமல் காத்து நிற்கும். பழுது என்று பயப்படும் மாணவன், தான் இட்ட கட்டளையையே அது நிறைவேற்றுகிறது என்று அறிந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்த அநுபவம் எளிதில் வாய்த்துவிடவில்லை. கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, பின்தங்கிய அடுத்தாளைச் சீர்செய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், மேலாளின் தரவையே அழித்துவிட்டார். காப்புக்கென்று ஐந்து வகை ஏற்பாடுகள் இருந்தும், அவசரத்துக்கு நம்பத்தக்கது ஒன்றும் இல்லை. அன்றாடப் பிரதி எடுக்கும் கருவி, டேட்டாபேஸின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது; அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த, ஏறக்குறைய 6 மணி நேரப் பழைய பிரதி ஒன்று காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் உலகறிய எழுதி வைத்தது பெரிய உபகாரம்.

கிட்டங்கிக்குக் கூரை பொது என்றேன். அதனால் ஆபத்தும் பொதுவாகிறது. லேப்டாப்பின் வட்டு கெட்டால் மேலாளும் அடுத்தாள்களும் ஒரே கணத்தில் அழிவார்கள் என்பதால், இந்த அமைப்பு பரீட்சைக்கு உரியதேயன்றி, மெய்யான கணக்குக்கு உரியதன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போனபோது, கடல் கடந்த கடைகளின் கணக்கை ஊருக்கும் அனுப்பி வைக்கும் வழக்கம் எத்தனை தீர்க்கதரிசனம் உடையது என்பதை நம்மவர் கண்டிருப்பார்கள்.

அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் டேட்டாபேஸ் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. செய்முறைப் பரீட்சையில், மாணவன் மூன்று சர்வர்களும் சேர்ந்த இந்தக் கிளஸ்டரைக் கட்டி முடித்ததற்குப் பாதி மதிப்பெண் போதும். மீதிப் பாதியை, பரீட்சகர் முன்னறிவிப்பின்றி அவன் மேலாளை நிறுத்திய பிறகு, அடுத்தாள் பொறுப்பேற்க எத்தனை நொடியாயிற்று, எத்தனை வரிகள் தொலைந்தன, நிறுத்தப்பட்ட மேலாளைத் திரும்ப எழுப்பி அடுத்தாளாக வரிசையில் சேர்க்க அவனுக்குத் தெரிந்ததா என்று பார்த்து வழங்கலாம்.