கெடு யாருக்கு?

போன வாரம் இளையரசனேந்தல் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கையில் மஞ்சள் பை. அதற்குள் பட்டா நகல், தீர்வை ரசீது, பல வருஷத்து மனுக்கள். அவருடைய கரிசல் காட்டில் ஓரத்துத் துண்டு எப்போதோ சாலைக்குள் போய்விட்டது. "ரோடு வேண்டாம்னு சொல்லல தம்பி. எடுத்ததுக்குக் கணக்குதான் கேக்கேன். ரொம்ப நாளாயிப் போச்சு, இனி ஒண்ணும் நடக்காதுங்காக" என்றார்.

எங்கே கேட்பது என்பதே இங்கு ஒரு பாடு. 2008-இல் இளையரசனேந்தல் பிர்கா சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டத்துக்கு மாறியது. ஊராட்சிகளோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றன. பட்டாவுக்கு ஒரு திசை, ஊராட்சிக்கு வேறு திசை. அலைகிற நாட்களும் வழக்குப் போடும் கெடுவில்தான் கழிகின்றன.

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, தனிக் கெடு சொல்லப்படாத வழக்குகளைக் குடிமக்கள் 3 ஆண்டுக்குள் போட வேண்டும். அரசு தொடுக்கும் வழக்குக்கோ 30 ஆண்டு. பழைய 1908 சட்டத்தில் அது 60 ஆண்டாக இருந்தது. அரசு மீது வழக்குப் போடுமுன் 2 மாத நோட்டீசும் கொடுக்க வேண்டும். ஏட்டையும் ஆளையும் வைத்திருப்பவருக்கு நீண்ட கெடு, காட்டில் வேலை பார்ப்பவருக்குக் குறுகிய கெடு. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நாள் கடந்தும் நியாயம் கிடைத்த வழக்கு ஒன்று உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68-இல் ஒரு பெண்ணின் நிலத்தைச் சாலைக்கு எடுத்தார்கள். முறையான கையகப்படுத்தலும் இல்லை, இழப்பீடும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவர் 2010-இல் உயர் நீதிமன்றம் போனார். தாமதமாகிவிட்டது என்றது அரசு. 42 ஆண்டு அனுபவித்ததால் நிலம் எங்களுடையதே என்றும் வாதிட்டது. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. சட்டத்தின் வழியன்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்னும் அரசமைப்பின் 300-ஏ பிரிவை நினைவூட்டி, 8 வாரத்தில் இழப்பீடு தரச் சொன்னது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 80.

இந்தத் தீர்ப்பு ஆறுதல். ஆனால் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மனு மேல் மனு கொடுத்தாலும் கெடு நிற்காது. காலம் கடந்த மனுவுக்கு வரும் பதிலும் போன உரிமையை மீட்டுத் தராது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2008-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிலம் போன தேதியை இன்றே எழுதி வையுங்கள். கொடுக்கும் மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பணமும் தராமல், நாளாகிவிட்டது என்று வாதாடாதீர்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள்.